ஆறு நிமிஷப் பெரட்டு

உலகத்திலேயே ஒரு போனுக்குப் பிரசவ லீவு கொடுத்த மனிதர் எங்கள் பெரட்டு ஒருவர்தான். சும்மா அடித்துவிடவில்லை, கண்ணால் பார்த்தேன். பெட்டரி வீங்கி, முதுகு மூடி பிதுங்கி நின்ற ஒரு பழைய போனைப் பிஸ்கட் டப்பாவுக்குள் படுக்க வைத்தார். மூடிக்கு மேல் ஒரு தாள் ஒட்டினார். “பூரணம். பிரசவ லீவு. யாரும் சார்ஜ் போடக் கூடாது.”

அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் பெரட்டு. தேயிலைத் தோட்டத்துப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை: விடிந்ததும் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. மனிதர் ஒரு தோட்டத்து ஒபிஸில் ஐந்து வருடம் பெயர் கூப்பிட்டுவிட்டு எங்களிடம் வேலைக்கு வந்தவர். வயது முப்பத்திரண்டு. தோட்டத்தை விட்டாலும் கூப்பிடுகிற பழக்கம் வாயை விட்டுப் போகவில்லை. கூப்பிட ஆள் இல்லாததால் போன்களைக் கூப்பிட்டார்.

ஜன்னலோரம் ஒரு நைலோன் கயிறு. அதில் வரிசையாகப் பதினொரு போன்கள். எல்லாமே பஸார் ரிப்பேர் கடைகளில் “இது தேறாது” என்று ஒதுக்கிப் போட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். காலை எட்டரைக்கு அவர் கயிற்றுக்கு முன்னால் நின்றால் நான் கையில் பேனாவோடு பக்கத்தில் நிற்க வேண்டும்.

“மாரியாயி?” பட்டனை அமுக்குவார். உடைந்த கண்ணாடிக்குள் வெளிச்சம் வரும். “இருக்கா. போடு.”

“சின்னத்தொரை?” வெளிச்சம் வராது. இன்னொரு தடவை அமுக்குவார். “இன்னும் எந்திரிக்கலயா? சரி, தொரைன்னா அப்பிடித்தான். அரைப் பேரு போடு.”

அரைப் பேர் என்றால் அரை நாள் வேலை. நான் கொழும்புப் பக்கம் நாலு வருடம் கம்பியூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவன். செத்த போனுக்கு அரைப் பேர் போடத்தான் அந்தப் பட்டம் பயன்பட்டது.

எங்கள் கம்பெனி என்பது ஹட்டன் மெயின் ரோட்டில் ஒரு ஹாட்வெயார் கடையின் மாடி. கீழே ஆணி, பெயின்ட், சீமெந்து. மேலே நான், பெரட்டு, கடைக்காரரின் மகனான சின்ன முதலாளி. இன்டர்நெட் இல்லாமலே போனிலிருந்து போனுக்கு பைல் அனுப்புகிற செயலி ஒன்று செய்தோம். நான் எழுதுவேன், பெரட்டு ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார், சின்ன முதலாளி தன் புதுப் போனில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டுவார்.

அதைக் கேட்டு வந்தவர் ஒரே ஒரு டியூஷன் சேர். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள். டயகமவுக்கு மேலே ஒரு டிவிஷனில் அவரிடம் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர். அந்தக் குழிக்குள் சிக்னல் எட்டிப் பார்க்காது. ஹட்டனுக்கு வந்து போக ஒரு நாள் வேலை போய்விடும். சேர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்விப் பேப்பர்களை ஒரு டெப்லட்டில் ஏற்றி டயகம பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். சாயங்காலம் பஸ் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் டிரைவர் ஒரு ப்ளேன்டீ குடிப்பார். அதற்குள் பிள்ளைகள் போனைக் கொண்டு வந்து பேப்பரை இழுத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர் ப்ளேன்டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்விக்காகப் பெரட்டு தொடர்ந்து ஐந்து நாள் அந்த பஸ்ஸில் போய் வந்தார்.

“ஆறு நிமிஷம்” என்றார் ஆறாம் நாள். “நல்லா கொதிக்க கொதிக்க குடுத்தா ஏழு. ஆறுன்னே வச்சுக்க.”

“நம்ம ஆப்புக்கு எவ்வளவுண்ணே ஆச்சு?”

“பைல தேடி வரிசைப்படுத்தவே எட்டு நிமிஷம் நாப்பது செக்கன். பஸ்ஸு போயிருச்சு. பஸ்ஸு பின்னால ஒரு புள்ள போன தூக்கிப் புடிச்சுக்கிட்டே ஓடுது. பாக்க நல்லாவா இருக்கு?”

ஓடிய பிள்ளையின் பெயர் ரஞ்சனி. பகலில் கொழுந்து எடுக்கிறாள். உயர்தரத்துக்கு இது அவளுக்கு மூன்றாவது ஷை. மூன்றாம் தடவையும் தவறினால் அதற்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளையாக எழுத வழியில்லை. கையில் இருந்தது அம்மாவின் போன். அதற்குள் சொந்தக்காரர்கள் அனுப்பிய ரோஜாப்பூ குட்மோர்னிங் படம் மட்டுமே ஆயிரக்கணக்கில். கல்யாண வீடியோ, சாமி பாட்டு, யாரோ ஒரு குழந்தை சோறு சாப்பிடுவது, எல்லாம் உண்டு. எங்கள் செயலி அத்தனையையும் ஒன்று விடாமல் திறந்து பார்த்து, ‘இவளிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை’ என்று பட்டியல் போட்டு, பிறகுதான் இல்லாத பேப்பரைக் கேட்கும். ரோஜாப்பூவைப் பார்த்து முடிப்பதற்குள் டீ முடிந்துவிடும்.

நான் சிரித்தேன். இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா? ஒரு ஆள் தேடினால்தானே எட்டு நிமிஷம், எட்டு ஆளை ஒரே நேரத்தில் அனுப்பினால்? ஒரே நாளில் எழுதி முடித்தேன். சின்ன முதலாளியின் போனில் ஐம்பது செக்கனில் வேலை முடிந்தது. அவர் கடை முழுக்க வடை வாங்கிக் கொடுத்தார்.

பெரட்டு வடையைத் தின்றுகொண்டே மாரியாயியைக் கயிற்றிலிருந்து கழற்றினார். ஓட்டினார். நாங்கள் வடையை முடித்தோம், டீயை முடித்தோம், கையைக் கழுவிக்கொண்டு வந்தோம். பதினோரு நிமிஷம்.

“முந்தி எட்டரை. இப்ப பதினொன்னு. படிச்ச புள்ளன்னா இப்பிடி இருக்கணும்.”

“போன் பழசுண்ணே. நான் என்ன பண்ணுறது?”

“அந்த மெமரி கார்டுக்கு ஒரே ஒரு வாச. அதுல எட்டுப் பேர ஒரே நேரத்துல தள்ளி விட்டுருக்க. எவன் உள்ள போவான், எவன் வெளிய வருவான்? நல்ல போன்ல எல்லாந்தான்டா ஓடும். முதலாளி போன்ல கல்லப் போட்டாலும் ஓடும். அந்தப் புள்ள போன்ல ஓடுதான்னு பாரு.”

அடுத்த நாள் காலையில் ஹாட்வெயார் கடை வாசலில் ஒரே சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், கடைப் பையன்மார் எல்லாரையும் பெரட்டு ரோட்டில் நிறுத்தி வைத்திருந்தார். ஒருவன் உள்ளேயிருந்து வருவான். “ஒசரப்படி நில்லுங்க” என்பார். நிற்பார்கள். அடுத்தவன் வருவான். மறுபடி எல்லாரும் கலைந்து, தோளோடு தோள் அளந்து, முதலிலிருந்து நிற்பார்கள். ஒன்பதாவது ஆள் வந்தபோது வரிசை ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை வரைக்கும் தள்ளுமுள்ளு. சீமெந்து வாங்க வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னா தம்பி, கலியாண போட்டோவா?”

“இல்லீங்க. சொப்ட்வெயார்” என்றார் பெரட்டு. பிறகு என்னைப் பார்த்தார். “இந்தா, இதத்தான் ஒன் ஆப் பண்ணுது. ஸ்கிரீன உத்துப் பாத்தேன். ஒரு பைல் கெடைக்குது, ஒடனே மொத்த லிஸ்டையும் மேலயும் கீழயும் குலுக்குது. அடுத்த பைல், மறுபடி குலுக்குது. இப்பிடி பெரட்டு எடுத்தா எப்ப மலைக்குப் போறது? எல்லாரும் வரட்டும், அப்புறம் ஒரே ஒரு தடவ வரிசை போடு. இன்னொன்னு. நேத்து வந்தவன் இன்னைக்கும் வந்தா அவனுக்கு மறுபடி என்னாத்துக்கு அளவெடுக்குற? பேரும் சைஸும் புஸ்தகத்துல இருக்குல்ல. டிக் போட்டு விடு. புது ஆளுக்கு மட்டும் அளவெடு.”

நாலு வருடம் படித்த பாடம் அது. பரீட்சையில் பதினைந்து புள்ளிக்கு நானே எழுதியிருக்கிறேன். ரோட்டில் ஆட்கள் மிதிபடுவதைப் பார்க்கும் வரைக்கும் என் செயலிக்குள் அந்தத் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மாற்றினேன். மாரியாயியில் மூன்று நிமிஷத்துக்கு வந்தது. மூன்று நிமிஷம் தேட, மீதி மூன்று நிமிஷம் பேப்பர் இறங்க. போதும் என்றார் பெரட்டு. எனக்குப் போதவில்லை. ரோட்டில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாரே, சும்மா விட முடியுமா?

ராவோடு ராவாக ஒரு குறுக்கு வழி பிடித்தேன். எல்லாப் பைலையும் ஏன் பார்க்க வேண்டும்? தேதிப்படி அடுக்கினால் புதுசு மேலே நிற்கும். மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வந்து, தெரிந்த பைல் ஒன்று வந்ததும் நிறுத்திவிடலாம். மாரியாயியில் நாற்பது செக்கன். மாரியாயியே நம்பியிருக்க மாட்டாள்.

பெரட்டு நாற்பதைப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை.

“தேதிய யாரு சொன்னா?”

“போன் சொல்லும்.”

“போனுக்கு யாரு சொன்னா?”

“அண்ணே, போனுக்குத் தேதி தெரியாமலா இருக்கும்? நீங்க போய்ப் பூரணத்துக்கு வேப்பிலை கட்டுங்க.”

சின்ன முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். புதுச் செயலி திங்கட்கிழமையே டெப்லட்டில் ஏறி டயகமவுக்குப் போய், அங்கே பிள்ளைகளின் போனிலும் ஏறியது. தினமும் காலையில் கண்டக்டர் கொண்டு வந்த டெப்லட்டில் ‘அனுப்பியாயிற்று’ என்று ஆறு பச்சைக் கோடு. நான் அந்த வாரம் முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

அடுத்த செவ்வாய் கண்டக்டர் டெப்லட்டோடு ஒரு துண்டுக் காகிதமும் கொண்டு வந்தார். கொப்பித் தாளில் நீலப் பேனா.

“சேர், முதல் பேப்பர் எனக்கு ஆறு தடவை கிடைத்துவிட்டது. ஆறும் ஒன்றுதான். இரண்டாம் பேப்பரை எப்போது அனுப்புவீர்கள்? எனக்கு இதுதான் கடைசித் தடவை. ரஞ்சனி.”

நான் படித்துவிட்டுப் பெரட்டிடம் கொடுத்தேன். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று இரண்டு நாளைக்காவது வாட்டி எடுப்பார் என்று காத்திருந்தேன். அவரோ கடிதத்தை என் கீபோர்ட் மேல் வைத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பூரணத்தை எடுத்தார். வீங்கிய பெட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டு உயிர் கொடுத்தார். திரையை என் பக்கம் திருப்பினார். மணி பன்னிரண்டு. தேதி, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி முதலாம் திகதி.

“பெட்டரி மொத்தமா செத்து எந்திரிச்சா இதுக்கு எல்லாம் மறந்துரும். டவுன்ல சிக்னல் வந்து நேரத்த சொல்லிக் குடுத்துரும். அந்தக் குழிக்குள்ள யாரு சொல்லுவா?”

எனக்கு விளங்கியது. ரஞ்சனியின் போன் தினமும் செத்துப் பிழைக்கிற ஜாதி. அவள் வாங்கிய பேப்பர் ஏதோ பழைய ஜனவரித் தேதியோடு போய்க் குவியலின் அடியில் விழுந்திருக்கிறது. மேலே மட்டும் எட்டிப் பார்த்த என் செயலி, முதல் பேப்பரே வரவில்லை என்று டெப்லட்டிடம் சத்தியம் செய்திருக்கிறது. டெப்லட்டும் சளைக்காமல் அதையே மறுபடி மறுபடி கொடுத்திருக்கிறது. முதல் பேப்பர் சேராமல் இரண்டாவதைக் கொடுக்கக் கூடாது என்றுதான் நான் எழுதியிருந்தேன். இங்கே எனக்குப் பச்சைக் கோடு.

ஒரு வாரம். மூன்றாவது ஷை எழுதுகிற ஒரு பிள்ளையின் ஒரு வாரத்தை நான் தின்றிருக்கிறேன். அதுவும் இரண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டுக்கூட இல்லை. ரோட்டில் போன மானத்தைத் திருப்பி வாங்க.

“என்னண்ணே பண்ணுறது?”

“பெரட்டுக்கு வர்றவங்ககிட்ட ‘ஒன் கைக்கடியாரத்துல மணி என்னா’ன்னு நான் என்னைக்காச்சும் கேட்டிருக்கேனா? வந்தது எத்தனாவது ஆளு, அவ்வளவுதான். நம்பர நம்ம குடுக்கணும். அவன் கடியாரம் ஓடுனா என்னா, நின்னா என்னா?”

சொல்லிவிட்டுக் கயிற்றிலிருந்து அடுத்த போனைக் கழற்றப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்படியே எழுதினேன். செயலிக்குள் ஒரு பெயர்ப் புத்தகம். வந்த வரிசைக்கு நாங்களே கொடுக்கிற நம்பர். போன் சொல்கிற தேதிக்கு மரியாதை கிடையாது. பைல்களைத் திறக்காமல் பெயரையும் சைஸையும் மட்டும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, புதுசை மட்டும் திறந்து, கடைசியில் ஒரே தடவை வரிசை. மாரியாயியில் நாற்பத்தெட்டு செக்கன். என் குறுக்கு வழியைவிட எட்டு செக்கன் அதிகம். பதினொரு போனிலும் பதினொரு தடவை பெட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார் பெரட்டு. நான் பக்கத்தில் நின்று குறித்தேன்.

பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். இந்தத் தடவை புதுச் செயலியை அவர்கள் போனில் எங்கள் கையாலேயே போட வேண்டும், அதோடு வராமல் போன பேப்பர் அத்தனையும் இறங்க வேண்டும். தலவாக்கலை தாண்டியதிலிருந்து பெரட்டு ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. மடியில் டெப்லட்டை வைத்து, குளிரில் கை விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பஸ் திரும்புகிற இடத்தில் நாலு பேர் நின்றார்கள். ரஞ்சனி முதல் ஆள். தலையில் இன்னும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தடம். டிரைவர் டீக்கடைக்குள் நுழைந்ததும் பெரட்டு கைக்கடியாரத்தைப் பார்த்தார். நான் அவள் போனில் செயலியைப் போட்டு, தொடங்குகிற பட்டனை அமுக்கினேன். ஐம்பத்தொரு செக்கன். பிறகு பேப்பர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டு, மூன்று, நாலு. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். நம்ப மாட்டாள்தானே.

“எல்லாமே வேற வேற” என்றாள்.

“வேற வேறதான்மா. இவன் இப்பதான் திருந்துனான்” என்றார் பெரட்டு.

“நீங்கதானா அந்த ஒரே பேப்பரையே அனுப்புனது?”

“ஆமா தங்கச்சி. மன்னிச்சிருங்க.”

“பரவால்லண்ணே. ஆறு தடவ வந்துச்சுன்னு ஆறு தடவயும் எழுதிப் பாத்தேன். அந்தப் பேப்பர் இனி தூக்கத்துல கேட்டாலும் வரும்.”

அவள் இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருக்கிறாள். அந்தப் பேப்பரிலிருந்து பரீட்சையில் ஒரு கேள்விகூட வரவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அதே நேரத்தில் பெரட்டு பக்கத்தில் ஓட்டிய மற்ற மூன்றும் சேர்த்து நாலு போனும் முடிந்தபோது டிரைவரின் கோப்பையில் இன்னும் பாதி டீ இருந்தது. எனக்கும் பெரட்டுக்கும் ரஞ்சனிக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை நாளாக அந்த ஆறு நிமிஷத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டோம். மீதி இருந்தால் என்ன செய்வது என்று யாருமே யோசித்து வைக்கவில்லை.

டிரைவர் வந்து ஏறினார். “மல்லி, யமு” என்றார், தம்பி போகலாம் என்று சிங்களத்தில். நான் ஏறிவிட்டேன். பெரட்டு ஏறவில்லை.

“அண்ணே, வாங்க.”

“நாலு பேருதான் வந்துருக்காங்க. இன்னும் ரெண்டு பேரு வரணும்.”

“மேல்மலையில இன்னைக்கி நெறுவை லேட்டுண்ணே” என்றாள் ரஞ்சனி. “கொழுந்து நெறுத்து முடிச்சு அவங்க எறங்கி வர எப்பிடியும் ஒரு மணித்தியாலம் ஆகும்.”

“ஆகட்டும்மா. நான் இருக்கேன்.”

“அண்ணே, இதுதான் கடைசி பஸ்ஸு” என்றேன் நான்.

“தெரியும். அஞ்சு நாள் வந்தவன்கிட்ட பஸ் டைம் சொல்லுறியா? நீ போ. நாளைக்கி ஒபிஸுக்கு லேட்டா வருவேன்னு முதலாளிக்கிட்ட சொல்லிரு.”

டெப்லட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். பஸ் உறுமியது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பட்டதாரி. எனக்கு ஜலதோஷம் வேறு. கீழே டயகம பஸார் வரைக்கும் ஆறு மைல், ரோடு முழுக்கக் குழி, குழி முழுக்க அட்டை.

இறங்கிவிட்டேன்.

“என்னாத்துக்குடா எறங்குன?” என்றார்.

“சும்மாதான்.”

இரண்டு பிள்ளைகளும் ஒரு மணித்தியாலத்தில் வந்தார்கள். ஐம்பது செக்கன், ஐம்பத்திரண்டு செக்கன். பேப்பர் வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். பனி இறங்கி, பக்கத்தில் வருகிறவர் முகம்கூடத் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. மனிதர் வாயை மூடவே இல்லை. தொரைமாரைப் பற்றி, அட்டையைப் பற்றி, சின்ன முதலாளி போனைப் பிடிக்கிற விதத்தைப் பற்றி, என் செயலியில் இன்னும் இருக்கிற ஒன்பது தப்பைப் பற்றி ஒவ்வொன்றாக. அடுத்த வருடம் அவர் வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டார்.

ஆறு மைல்தான். இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம்.